சைகை காட்டினால் குழந்தைக்குப் பேச்சு வராதா?

கேள்வி இது: "என் அக்கா மகளுக்கு இரண்டு வயது. இரண்டு காதும் கேட்கவில்லை என்று பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. காக்ளியர் இம்பிளான்ட், அதாவது அறுவைச் சிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் கேட்புக் கருவி, பொருத்தலாம் என்கிறார் மருத்துவர். அதுவரை கையைக் காட்டிப் பேசாதீர்கள், காட்டினால் பேச்சே வராது என்று உறவினர்கள் எச்சரிக்கிறார்கள். சைகை மொழி என்பது உண்மையிலேயே ஒரு மொழியா, இல்லை வெறும் ஜாடையா? உலகம் முழுக்க அது ஒன்றுதானா? நான் குழந்தைக்குத் தாய்மாமன், வெளியூரில் இருக்கிறேன். வீட்டில் எல்லோரும் என்ன செய்ய வேண்டும்?"

முதலில் உங்கள் அக்காவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இன்றே சைகையில் பேசத் தொடங்கட்டும். மருத்துவர் சொன்ன இம்பிளான்ட் ஏற்பாட்டையும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். ஒன்றை எடுத்தால் மற்றதை விட்டுவிட வேண்டும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நான் சைகை மொழிபெயர்ப்பாளன். மருத்துவமனை, காவல் நிலையம், பதிவு அலுவலகம் என்று காது கேளாதவர்களுக்கும் கேட்பவர்களுக்கும் நடுவே நிற்பது என் வேலை. அங்கே நான் பார்த்தவர்களில் மிகவும் துன்பப்படுகிறவர்கள், எந்த மொழியும் இல்லாமல் வளர்ந்தவர்கள். இளைஞர் ஒருவருக்கு வயிற்றில் வலி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே என்று தொட்டுக் காட்டிவிடுவார். எப்போதிலிருந்து, சாப்பிட்ட பிறகா, இதற்கு முன்பு வந்ததுண்டா என்று கேட்டால் அந்தக் கேள்வியே அவரைச் சென்று சேராது. சைகை மொழியும் தெரியாது, எழுத்தும் தெரியாது. பார்க்கிறவர்கள் அறிவுக் குறைவு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அறிவில் ஒரு குறையும் இல்லை. மொழி பழகும் வயதில் அவருக்கு யாரும் ஒரு மொழியைக் கொடுக்கவில்லை. உங்கள் மருமகளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஜாடைக்கும் சைகை மொழிக்கும் உள்ள வேறுபாடு முக்கியம். காது கேட்கும் நாமும் நாள் முழுக்க ஜாடை செய்கிறோம். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய்ப் புருவத்தை உயர்த்தினால் "சாப்பிட்டாயா?" கிளம்பிவிட்ட பஸ்ஸின் சன்னலைப் பார்த்துக் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டிக் காதருகே வைத்தால் "போய்ச் சேர்ந்ததும் போன் செய்." இவையெல்லாம் கண்முன் இருக்கும் சூழலை நம்பி நிற்பவை. "போன வாரம் மாமா வாங்கித் தருவதாகச் சொன்ன பொம்மை இன்னும் வரவில்லையே, அவருக்கு என் மேல் கோபமா?" என்பதை ஜாடையில் கேட்கவே முடியாது. சிறு வயதிலிருந்து இந்திய சைகை மொழியில் வளர்ந்த நான்கைந்து வயதுக் குழந்தை இதைத் தடுமாறாமல் கேட்கும்.

இது மொழிதான் என்பதை அறிவுலகம் ஏற்றுக்கொண்டதே அண்மையில்தான். வில்லியம் ஸ்டோக்கி என்பவர் 1955இல் வாஷிங்டனில், காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரிக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனார். மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கவனித்தவர், 1960இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒவ்வொரு சைகையும் கையின் வடிவம், கை இருக்கும் இடம், கையின் அசைவு என்று சிறு கூறுகளாகப் பிரியும் என்று அதில் காட்டினார். கல், பல் என்ற சொற்களில் ஓர் ஒலி மாறினால் பொருள் மாறுகிறது அல்லவா? அமெரிக்க சைகை மொழியில் விரித்த கையின் கட்டைவிரல் நெற்றியைத் தொட்டால் அப்பா. அதே கை முகவாயைத் தொட்டால் அம்மா. வடிவம் ஒன்று, இடம் மட்டும் மாறுகிறது. 1965இல் அவரும் இரண்டு சக ஆய்வாளர்களும் அந்த மொழிக்கு அகராதியே கொண்டுவந்தார்கள். அவருடைய கல்லூரியிலேயே பலர் இந்த வேலையை வீண் என்று நினைத்தார்கள். காது கேளாதவர்களிலும் அப்படி நினைத்தவர்கள் இருந்தார்கள். தன் மொழி மொழியே இல்லை என்று ஒரு சமூகமே நம்பும் அளவுக்கு அதை இழிவாகப் பேசியிருக்கிறது இந்த உலகம்.

நம் இந்திய சைகை மொழிக்கும் தனி இலக்கணம் உண்டு. வாக்கியத்தில் வினை தமிழைப் போலவே கடைசிக்கு வரும். வினாச்சொல் அதற்கும் பின்னால், கடைசியிலும் கடைசியாக வரும். "நீ எங்கே போகிறாய்?" என்பது சைகையில் "நீ – போ – எங்கே" என்ற வரிசையில் அமையும். யார், எங்கே போன்ற வினாக்களுக்குப் பொதுவான ஒரு வினாச் சைகை இருக்கிறது. அதனோடு முகம் என்ற சைகையைச் சேர்த்தால் "யார்", இடம் என்ற சைகையைச் சேர்த்தால் "எங்கே." ஆண் என்பதற்கு மீசை, பெண் என்பதற்கு மூக்குத்தி. இவற்றைப் பார்த்ததும் புரிந்துவிடும். எல்லாச் சைகைகளும் இப்படிப் பார்த்தவுடன் புரிந்துவிடுபவை அல்ல. பெரும்பாலானவற்றைக் கற்றுத்தான் ஆக வேண்டும்.

காது கேட்பவர்கள் தவறவிடுவது முகத்தை. கை ஒரே வாக்கியத்தைச் சொல்லும்போது, கண்ணை விரித்துத் தலையைச் சற்று முன்னே நீட்டினால் அது கேள்வியாகிவிடும். தலையை இடவலமாக அசைத்தால் மறுப்பாகிவிடும். முகபாவம் இங்கே உணர்ச்சியோடு இலக்கணத்தையும் சுமக்கிறது. காற்றில் இருக்கும் இடத்துக்கும் வேலை உண்டு. அம்மாவை வலப்பக்கமும் பாட்டியை இடப்பக்கமும் ஒருமுறை நிறுத்திவிட்டால் போதும். "கொடு" என்ற சைகை வலமிருந்து இடம் போனால் அம்மா பாட்டிக்குக் கொடுத்தாள், திரும்பி வந்தால் பாட்டி அம்மாவுக்குக் கொடுத்தாள். தமிழ் வேற்றுமை உருபால் செய்வதை இந்த மொழி கையின் திசையால் செய்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இதன் அழகு அலுத்ததில்லை.

மூளையும் இதை மொழியாகவே நடத்துகிறது. கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையத்தில், பக்கவாதம் வந்த காது கேளாதவர்களை ஆராய்ந்து 1987இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூளையின் இடப்பாதி பாதிக்கப்பட்டவர்களுக்குக் கை நன்றாக அசைந்தும் சைகை மொழி குலைந்துபோனது. பேசுகிறவர்களுக்குப் பேச்சு குலைவதைப் போலவே. வலப்பாதி பாதிக்கப்பட்டவர்களால் ஒரு படத்தின் இடப்பக்கத்தை வரையக்கூட முடியவில்லை, ஆனால் சைகை மொழி சிதையவில்லை. காது கேளாத பெற்றோரின் கைக்குழந்தைகள் மற்றக் குழந்தைகள் "பபபா" என்று மழலை பேசுவதுபோல விரல்களால் மழலை பேசுவதையும் 1991இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது.

உலகம் முழுக்க ஒரே சைகை மொழி இல்லை. அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் ஆங்கிலம் பேசுகிறவர்கள்தான். ஆனால் இரு நாட்டுக் காது கேளாதவர்கள் சந்தித்தால் ஒருவர் சைகை மொழி மற்றவருக்கு எளிதில் புரியாது. இதற்குக் காரணம் பள்ளிகளின் வரலாறு. தாமஸ் காலடெட் என்ற அமெரிக்கர் கற்பிக்கும் முறையைத் தேடி ஐரோப்பா போனார். பாரிஸ் பள்ளியிலிருந்து லோரான் கிளேர் என்ற காது கேளாத ஆசிரியரைத் தம்மோடு அழைத்து வந்து, 1817இல் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி திறந்தார். அதனால் அமெரிக்க சைகை மொழிக்கு உறவு பிரெஞ்சு சைகை மொழிதான். எழுத்துகளைக் காட்டுவதிலும் அமெரிக்கர்கள் ஒரு கையைப் பயன்படுத்துவார்கள், பிரிட்டிஷார் இரு கைகளையும். இந்தியாவில் ஆங்கில எழுத்துகளை நாம் இரு கைகளால் காட்டுகிறோம். அது பிரிட்டிஷ் ஆட்சி விட்டுச்சென்ற வழக்கம். டெல்லியில் ஒரு பொருளுக்கு ஒரு சைகையும் சென்னையில் வேறு சைகையும் இருக்கும். வட்டார வழக்கு இல்லாத மொழி ஏது? இலக்கணம் பெரிதும் ஒன்றே. டெல்லி, கராச்சி இரண்டிலும் ஆய்வு செய்தவர்கள் எல்லைக்கு இருபுறமும் அது ஒரே மொழி என்று சொல்லும் அளவுக்கு ஒற்றுமையைக் கண்டார்கள்.

குழந்தைகளுக்கு மொழி எவ்வளவு தேவை என்பதை மத்திய அமெரிக்காவில் உள்ள நிகரகுவா நாட்டைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை. 1970களுக்கு முன்பு அங்கே காது கேளாத குழந்தைகள் அவரவர் வீட்டில் தனித்தனியே, ஆளுக்கொரு ஜாடையோடு வளர்ந்தார்கள். 1977இல் தலைநகர் மனாகுவாவில் ஒரு சிறப்புப் பள்ளி வந்தது. 1979 புரட்சிக்குப் பிறகு ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியும் சேர்ந்தது. 1983 வாக்கில் இரண்டிலும் சேர்த்து 400க்கும் மேற்பட்ட மாணவர்கள். ஆசிரியர்கள் வகுப்பில் உதட்டசைவைப் படிக்கவும் ஸ்பானிய மொழியைப் பேசவும் கற்றுக்கொடுக்க முயன்றார்கள். அது பெரும்பாலும் பலிக்கவில்லை. ஆனால் விளையாட்டுத் திடலிலும் பள்ளிப் பேருந்திலும் பிள்ளைகள் தங்கள் வீட்டு ஜாடைகளை ஒன்றோடொன்று கலந்தார்கள். யாரும் கற்றுக்கொடுக்காமல் அங்கே புதிய மொழி ஒன்று பிறந்துவிட்டது. என்ன நடக்கிறது என்று புரியாத அரசு, 1986இல் ஜூடி கெக்ல் என்ற அமெரிக்க மொழியியலாளரை அழைத்துக் காட்டியது.

இதில் இன்னும் வியப்பான செய்தி உண்டு. மொழியைத் தொடங்கிவைத்த மூத்த மாணவர்களைவிட, பின்னால் சிறு வயதில் வந்து சேர்ந்த குழந்தைகள் அதைச் செம்மையாக்கினார்கள். ஒரு பொருள் சரிவில் உருண்டு இறங்குவதைச் சொல்லச் சொன்னால், மூத்தவர்கள் கையைச் சுழற்றிக்கொண்டே கீழே கொண்டுவருவார்கள். அது நடந்ததை அப்படியே வரைந்து காட்டுவது. இளையவர்கள் "உருள்" என்று ஒரு சைகை, "இறங்கு" என்று இன்னொரு சைகை, இரண்டையும் அடுத்தடுத்துச் செய்தார்கள். நிகழ்ச்சியைக் கூறுகளாகப் பிரித்துச் சொற்களாக்கி, மீண்டும் கோத்தார்கள். ஆன் செங்காஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இது. வயது குறைந்த மூளைக்கு மொழி மேல் இருக்கும் பிடிப்பு அப்படி. உங்கள் மருமகளுக்கு இப்போது அந்த வயது.

கேட்பவர்கள் கற்றுக்கொண்டால் ஊரே எப்படி மாறும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் மார்த்தாஸ் வின்யார்ட் என்றொரு தீவு. பரம்பரையாக வந்த காரணத்தால், 19ஆம் நூற்றாண்டில் அங்கே சில்மார்க் என்ற ஊரில் ஏறத்தாழ 25 பேருக்கு ஒருவர் காது கேளாதவர். காது கேட்பவர்களும் அங்கே சைகை தெரிந்தவர்கள். மீன்பிடிப் படகுகளில் தொலைவிலிருந்து பேச, யாருக்கும் கேட்காமல் ரகசியம் சொல்ல அவர்களுக்கே அது பயன்பட்டது. பிற்காலத்தில் முதியவர்களிடம் விசாரித்தபோது, இன்னார் காது கேளாதவர் என்பதை நினைவுபடுத்திப் பார்க்க வேண்டியிருந்ததாம். நமக்குப் பக்கத்தில் கர்நாடகத்தின் அலிபூர் கிராமத்திலும் காது கேளாதவர்கள் பலர் இருப்பதால் ஊருக்கென்றே ஒரு சைகை மொழி வளர்ந்திருக்கிறது.

அப்படியானால் "கையைக் காட்டாதே" என்ற அறிவுரை எங்கிருந்து வந்தது? 1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில், காது கேளாதோர் கல்வி பற்றி ஒரு மாநாடு நடந்தது. பங்கேற்றவர்கள் 164 பேர். அவர்களில் காது கேளாதவர் ஒருவர் மட்டும். பேச்சுமுறையே உயர்ந்தது, சைகையைப் பள்ளியிலிருந்து விலக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். பிறகு பல நாடுகளின் பள்ளிகளில் பிள்ளைகளின் கைகளைக் கட்டிவைத்தார்கள், அடித்தார்கள். இந்தியாவிலும் பம்பாய், கல்கத்தா, நம் பாளையங்கோட்டை எனக் காது கேளாதோர் பள்ளிகள் தொடங்கிய காலம் 19ஆம் நூற்றாண்டின் இறுதி. அந்தக் காலத்து நம்பிக்கையே இங்கும் நெடுங்காலம் நிலைத்தது. 2010இல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு வரிசையின் கூட்டம், மிலான் தீர்மானங்களைத் தள்ளுபடி செய்து வருத்தம் தெரிவித்தது. 130 ஆண்டுகள் கழித்து! உங்கள் உறவினர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. காலாவதியான அந்த நம்பிக்கைதான் அவர்கள் வாய்வழியாக இன்னும் வருகிறது.

உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளப் பழக்கலாமே என்பார்கள். கண்ணாடி முன் நின்று குரல் எழுப்பாமல் "பாலை" என்றும் "மாலை" என்றும் சொல்லிப் பாருங்கள். உதடு ஒன்றுபோலவே மூடித் திறக்கும். பணம், மணம், படம், மடம், எல்லாம் அப்படித்தான். வாழை, வாளை, வாலை மூன்றும் நாக்கு வாய்க்குள் செய்யும் வேலை. வெளியே எதுவும் தெரியாது. ககரம் தொண்டைப் பக்கத்தில் பிறப்பதால் அதுவும் கண்ணில் படாது. தமிழை ஏற்கெனவே நன்றாக அறிந்தவர் சூழலை வைத்து ஊகித்துவிடுவார். மொழியே இன்னும் வராத இரண்டு வயதுக் குழந்தை எதை வைத்து ஊகிக்கும்?

காத்திருப்பதால் வரும் இழப்பை ரேச்சல் மேபெரி என்ற ஆய்வாளர் தெளிவாகக் காட்டினார். ஒரே வயதில் அமெரிக்க சைகை மொழியைக் கற்ற இரண்டு வகையினரை அவர் ஒப்பிட்டார். ஒரு சாரார், பேச்சு வந்த பிறகு காது கேட்காமல் போனவர்கள். இன்னொரு சாரார், பிறவியிலேயே கேளாமல், அதுவரை எந்த மொழியும் சரியாகக் கிடைக்காதவர்கள். முதல் சாராரே சைகையில் தெளிவாகத் தேறினார்கள். சிறு வயதில் ஏதாவது ஒரு மொழி ஊன்றிவிட்டால், அடுத்த மொழி அதன் மேல் ஏறிக்கொள்ளும். ஊன்றவில்லை என்றால் பின்னால் எதைக் கொடுத்தாலும் தள்ளாடும். கைவழி கிடைத்தாலும் அது ஊன்றிய மொழிதான்.

இம்பிளான்ட் பற்றி. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ்ச் சிறு குழந்தைகளுக்கு இந்த அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள். நல்ல வாய்ப்பு, கட்டாயம் பயன்படுத்துங்கள். ஆனால் கருவி பொருத்திய மறுநாளே குழந்தை பேசிவிடாது. நீண்ட காலம் கேட்டல் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் வேண்டும். பலன் குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். தூங்கும்போதும், பொதுவாகக் குளிக்கும்போதும் வெளிக்கருவியைக் கழற்றிவிடுவார்கள், பேட்டரி தீரும், பழுதாகும். அந்த நேரங்களில் குழந்தையிடம் எப்படிப் பேசுவீர்கள்? சைகை பேச்சைக் கெடுக்குமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் வாதம் உண்டு. காது கேளாத பெற்றோரிடம் பிறந்தது முதல் சைகையோடு வளர்ந்து, பிறகு இம்பிளான்ட் பெற்ற சில குழந்தைகளை அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். அவர்களுடைய ஆங்கிலம், அதேபோலக் காது கேளாத பெற்றோரிடம் சைகையோடு வளர்ந்த, காது கேட்கும் குழந்தைகளின் ஆங்கிலத்துக்கு நிகராக இருந்தது. பேச்சு நன்றாக வந்துவிட்டால் உங்கள் மருமகளுக்கு இரண்டு மொழி. வராமல் போனாலும் அவளுக்கு மொழி இருக்கும். இதில் இழக்க என்ன இருக்கிறது?

கற்பது எங்கே? மத்திய அரசு 2015இல் டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தைத் தொடங்கியது. அது வெளியிட்ட காணொளி அகராதியில் 2021இல் சொற்கள் 10,000 ஆயின. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதே, ஆரம்பநிலைப் பயிற்சி மையமும் காது கேளாதோர் சங்கமும் அருகில் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். காணொளியைவிட அந்தச் சங்கம் முக்கியம். காது கேளாத பெரியவர் ஒருவரைக் குழந்தையும் அக்காவும் வாரம் ஒருமுறையாவது சந்திக்கட்டும். காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கேட்கும் பெற்றோருக்கே பிறப்பதால், தன்னைப் போன்ற பெரியவரைப் பாராமலே பலர் வளர்கிறார்கள். அப்படிப்பட்ட பெரியவர்கள் வேலை பார்ப்பதையும் குடும்பம் நடத்துவதையும் அக்கா நேரில் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும். 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர், மொழிபெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் ஆஜரானார் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது கடினமானதன்று. முதலில் குழந்தையின் கண்ணைப் பிடியுங்கள். தோளை மெல்லத் தட்டலாம், விளக்கை ஒருமுறை அணைத்துப் போடலாம். முகத்தில் வெளிச்சம் விழும்படி, அவள் உயரத்துக்கு உட்கார்ந்து பேசுங்கள். பால், தண்ணீர், தூக்கம், இன்னும் வேண்டும், போதும், வலி, அம்மா, பாட்டி என்று அன்றாடம் வருபவற்றில் தொடங்குங்கள். ஒரு பொருளைக் காட்டிவிட்டுச் சைகை செய்யுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் அவள் எதைப் பார்ப்பாள்? வாயால் தமிழிலும் பேசிக்கொண்டே இருங்கள். பெரியவர்கள் தங்களுக்குள் பேசும்போதும் இயன்றவரை சைகை செய்யுங்கள். மற்றக் குழந்தைகள் மொழியின் பெரும்பகுதியை ஒட்டுக்கேட்டுத்தான் கற்கிறார்கள். இவளுக்கும் ஒட்டுப்பார்க்க ஏதாவது வேண்டும். பாட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்கக் குழந்தை அவரிடம்தான் இருக்கும் என்றால், அக்காவுக்கு முன்பே அவர் கற்க வேண்டும்.

நீங்கள் வெளியூரில் இருப்பது தடை இல்லை. வீடியோ அழைப்பு வந்தபின் காது கேளாதவர்களுக்குத் தொலைவு பெரிதும் குறைந்துவிட்டது. போனைக் கையில் பிடிக்காமல் ஏதாவதன் மேல் சாய்த்து வையுங்கள், இரண்டு கையும் வேண்டும். தலை உச்சியிலிருந்து இடுப்பு வரை திரையில் தெரியட்டும். சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதீர்கள், முகம் இருண்டுவிடும். கட்டம் போட்ட சட்டைக்குப் பதில் உங்கள் தோல் நிறத்திலிருந்து மாறுபட்ட ஒற்றை நிறச் சட்டை போடுங்கள். வாரத்துக்கு நான்கைந்து புதுச் சைகைகள் போதும். அவள் உங்களை அழைக்க ஒரு பெயர்ச் சைகையும் வேண்டும். காது கேளாதோர் வழக்கப்படி ஆளின் தோற்றத்தையோ பழக்கத்தையோ வைத்து அதை அவர்கள்தான் சூட்டுவார்கள், நாமே வைத்துக்கொள்வதில்லை. சங்கத்துக்குப் போகும்போது உங்கள் படத்தையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.